கேளுங்க அண்ணே: குவாலா கண்டா யானையும் நம்ம தோட்டத்து வாழையும்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஸ்கூல் லீவு பத்தி எழுதுறப்ப, "எங்க மெந்தகாப்லேருந்து கொஞ்ச தூரம் போனா யானைக்கு கையால பழம் ஊட்டலாம்"ன்னு ஒரே ஒரு வரி போட்டேன். மலேசியாவுல எங்க பகாங் மாநிலத்துல இருக்கிற குவாலா கண்டா யானை மையத்தத்தான் சொன்னேன். அவ்வளவுதான், கடிதம், வாட்சாப், வாய்ஸ் மெசேஜ்னு இன்னைக்கு வரைக்கும் நிக்கல. இந்த மாசம் முழுக்க அதுக்கே பதில் சொல்லிடுங்கன்னு எடிட்டரும் சொல்லிட்டார். இபிஎஃப் சேமநிதி கேள்வி, மூட்டுவலி கேள்வி அனுப்பினவங்க அடுத்த மாசம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேள்வி: அண்ணே, நாங்க பெரியவங்க ஏழு பேர், பிள்ளைங்க நாலு பேர், வேன் எடுத்துட்டு வர்றதா பிளான். காலையில கிளம்பி யானைய பாத்துட்டு ராத்திரி வீடு திரும்பிட முடியுமா? எந்த சடக்கு புடிச்சு வரணும்?
— வேன் ஓட்டப் போறவரோட சம்சாரம், சுங்கை சிப்புட்

பதில்: முடியும்மா, ஆனா உங்க வீட்டுக்காரர் அடுத்த நாள் எழுந்திரிக்க மாட்டார். சுங்கை சிப்புட்லேருந்து பிளஸ் ஹைவேல இறங்கி கேஎல் (கோலாலம்பூர்) வந்து, கோம்பாக் பக்கம் காராக் ஹைவே புடிச்சு, கெந்திங் செம்பா மலை ஏறி இறங்கி, பெந்தோங், காராக் தாண்டி கிழக்குக்கரை ஹைவேல லஞ்சாங் எக்சிட்ல இறங்கணும். கேஎல்லேருந்து மட்டுமே ரெண்டு மணி நேரம் ஆகும், நீங்க பிள்ளைங்கள வச்சுக்கிட்டு ஒவ்வொரு ஆர் அண்ட் ஆர் ஓய்விடத்துலயும் நிப்பாட்டி நிப்பாட்டி வந்தா அஞ்சு ஆறு மணி நேரம் சர்வசாதாரணமா போயிடும். அதனால மொத நாள் சாயங்காலமே வந்து மெந்தகாப்லயோ தெமர்லோலயோ ரூம் எடுத்து தூங்குங்க, காலையில பசியாறிட்டு நிதானமா கிளம்புங்க.

லஞ்சாங்ல இறங்கினதும் ஹைவே முடிஞ்சு கம்பத்து (கிராமத்து) ரோடு ஆரம்பிச்சிடும், அரை மணி நேரம்னு வச்சுக்குங்க. அந்த அரை மணி நேரத்துல பிள்ளைங்க கையில இருக்கிற போனை வாங்கி வச்சிடுங்கன்னு நான் சொல்றேன். ஒரு பக்கம் ரப்பர், ஒரு பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை), நடுவுல மலாய்க்கார வீடு, வாசல்ல ரம்புத்தான் மரம், மோட்டர்ல அருவாள் கம்ப கட்டிக்கிட்டு போற குலை வெட்டுற ஆளுங்க, அப்புறம் திடீர்னு கண்ணு முன்னால காடு. நம்ம தாத்தா பாட்டி எந்த மாதிரி இடத்துக்கு வந்து இறங்கினாங்கன்னு பிள்ளைங்களுக்கு வாயால சொல்லிப் புரிய வைக்க முடியாது, அந்த ரோட்ல போனா தன்னால புரியும்.

பெட்ரோல லஞ்சாங்லயே அடிச்சுக்குங்க. திங்கள்லேருந்து வியாழனுக்குள்ள வந்தா கூட்டம் கம்மி, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரம்ங்கறதால அந்த நேரத்த விட்டுடுங்க. கட்டணம், பழம் ஊட்டுற நேரம் எல்லாம் அப்பப்ப மாத்துறாங்க, அதனால நான் இங்க ஒண்ணு எழுதி நீங்க அங்க போய் என்னைத் திட்டவேணாம், கிளம்புறதுக்கு முன்னால போன் போட்டு கேட்டுக்குங்க. நவம்பர்லேருந்து ஜனவரி வரைக்கும் மழை, வெள்ளம். 2021 டிசம்பர்ல எங்க ஊர்ப் பக்கம் தண்ணி ஏறினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும், அந்த மாசத்துல வராதீங்க.

கேள்வி: யானை மேல ஏறி போட்டோ எடுக்கலாமா? என் மகன் அதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கான்.
— ஒரே பிள்ளை பெத்த அம்மா, பத்தாங் பெர்சுந்தை

பதில்: அந்த ஆசையோட கூட்டிட்டுப் போகாதீங்க. அது சர்க்கஸ் இல்ல. வாழைப்பழம், பப்பாளி, கரும்பு மாதிரி ஊட்டலாம், தும்பிக்கை உள்ளங்கையில வந்து ஈரமா ஒரு மூச்சு விடும் பாருங்க, உங்க மகனுக்கு அது போதும். ஆனா பழம் இருக்கிற கையிலயே போனையும் புடிச்சுக்காதீங்க, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கேள்வி: அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நேரா கேக்குறேன். எங்க தோட்டத்துல மறு நடவு செஞ்ச செம்பனைக் கன்னு, ஒரே ராத்திரில வந்து வரிசையா புடுங்கிப் போட்டுட்டு போயிடுச்சு. என் மச்சான் காய்கறித் தோட்டமும் போச்சு. எங்க வயித்துல அடிச்ச மிருகத்துக்கு நாங்களே காடி எடுத்துக்கிட்டுப் போய், காசு குடுத்து பழம் வாங்கி ஊட்டணுமா? என்ன நியாயம் இது?
— எரிச்சல்ல எழுதுறவன், குளுவாங்

பதில்: கோவம் எதுக்குங்க, இந்த மாசம் வந்ததுலேயே உருப்படியான கேள்வி இதுதான். இதே கேள்விய எங்க அம்மா கேட்டாங்க, அதை அப்புறம் சொல்றேன்.

முதல்ல அந்த இடம் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சுக்குங்க. 1956ல பெல்டான்னு, காட்டத் திறந்து நிலமில்லாதவங்கள குடியேத்துற அரசாங்கத் திட்டம் ஆரம்பிச்சாங்க, 1960கள் கடைசியில எங்க பகாங்ல ஜெங்கா பக்கம் காட்ட வெட்டித் திறந்தாங்க, தெமர்லோவுக்கும் மாரானுக்கும் ஜெராண்டுட்டுக்கும் நடுவுல இருந்த அவ்வளவு பெரிய காடு செம்பனையும் ரப்பருமா மாறிடுச்சு. அதுக்கு முன்னாடியே வெள்ளைக்காரன் தொரைமாருங்க வெட்டினது தனி, வெட்டினது யாரு கை, நம்ம ஆளுங்க கைதான். யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அது அம்மா நடந்த வழியில நடக்கும், பாட்டி நடந்த வழியில நடக்கும். ஒரு நாளைக்கு 150 கிலோவுக்கு மேல தின்னணும் அது. காட்டுக்குள்ள ஒவ்வொரு கொடியா இழுத்து இழுத்துத் தின்ன வேண்டியதுக்கு, வரிசை புடிச்சு நட்டு, உரம் போட்டு வளர்த்த இளங்கன்னு, உள்ள வெண்ணெய் மாதிரி குருத்து. நீங்களா இருந்தா எங்க போவீங்க? வளர்ந்த மரத்த அது அவ்வளவா தொடாது, மறு நடவு செஞ்ச முதல் சில வருஷம்தான் ஆபத்து, உங்க தோட்டத்துலயும் அதுதான் நடந்திருக்கு.

முன்னாடியெல்லாம் சுடுறதுதான் வழி. 1974ல தான் வனவிலங்கு இலாகா, நாம பெர்ஹிலித்தான்னு சொல்றோமே அவங்க, யானைய புடிச்சு இடம் மாத்துறதுக்குன்னே ஒரு குழு போட்டாங்க. அதுக்கு பழகின யானை வேணும், மலாயாவுல அந்தத் தொழில் தெரிஞ்ச யானை இல்ல, அதனால அஸ்ஸாம்லேருந்து கொண்டு வந்தாங்க. நம்ம ஆளுங்க மாதிரியே இந்தியாவுலேருந்து வேலைக்குக் கொண்டு வந்த கூட்டம்தான் அதுங்களும்னு நான் சிரிச்சுக்குவேன். மலாய்ல தெனாக்னு சொல்லுவாங்க அந்த யானைகள. வேலை எப்படின்னா, தோட்டத்துல புகுந்த காட்டு யானைய கால் தடம் வச்சு தேடிப் போய் மயக்க ஊசிய துப்பாக்கில சுட்டு, அது தள்ளாடி நிக்கிறப்ப கால்ல சங்கிலி போட்டு மரத்துல கட்டிடுவாங்க, அப்புறம் ரெண்டு தெனாக் யானை ரெண்டு பக்கமும் ஒட்டி நின்னு, கல்யாணப் பொண்ண தோழிங்க கூட்டிட்டுப் போற மாதிரி அணைச்சுக்கிட்டே லோரி வரைக்கும் நடத்திட்டு வரும். மனுஷன் நூறு பேர் கயிறு கட்டி இழுத்தாலும் வராதது, ரெண்டு யானை தோளோட தோள் நின்னா வந்துடும். லோரில ஏத்தி தாமான் நெகாரா, பெலும், எண்டாவ் ரொம்பின் மாதிரி பெரிய காட்டுல கொண்டு போய் விட்டுடுவாங்க. இப்படி இதுவரைக்கும் 700க்கு மேல மாத்தியிருக்காங்க.

1989ல அந்தக் குழுவுக்கு குவாலா கண்டாவுல இடம் போட்டாங்க. அப்ப அது வேலைக்கார யானைங்களோட லயம் (தோட்டத்து வரிசை வீடு) மாதிரிதான் இருந்துச்சு, சுற்றுலா எல்லாம் பின்னாடி வந்ததுதான். அம்மா செத்துப் போன குட்டி, கூட்டத்த விட்டு பிரிஞ்ச குட்டி, வேட்டைக்காரன் வச்ச கம்பி சுருக்குல கால் மாட்டின குட்டி, அதுங்களையும் இங்கதான் கொண்டு வர்றாங்க. அதனால நீங்க பழம் ஊட்டுறது உங்க கன்ன புடுங்கின யானைக்கு இல்ல, உங்க கன்ன புடுங்கின யானைய வந்து கூட்டிட்டுப் போற யானைக்கு. இப்ப சொல்லுங்க, ஒரு பப்பாளி குடுக்கக் கூடாதா?

இடம் மாத்துறது மருந்துன்னு நான் சொல்ல வரல. சிலது கிலோமீட்டர் கணக்கா நடந்து பழைய இடத்துக்கே திரும்பி வந்துடும், சிலது புது காட்டுல ஒத்துக்காம சாவும். மின்சார வேலி போட்டா அதுமேல மரத்த சாய்ச்சிட்டு தாண்டிப் போற யானைங்க இருக்கு, ஆளுங்க பாத்திருக்காங்க. தீபகற்பத்துல மொத்தம் 1,223லேருந்து 1,677 யானைக்குள்ளதான் இருக்கும்னு பெர்ஹிலித்தான் கணக்கு ஒண்ணு போட்டாங்க. ஒரு பெரிய தோட்டத்துல வேலைக்கு ஆள் எண்ணுற பெரட்டுல காலையில அவ்வளவு பேர் நின்ன காலம் உண்டு. உங்க நஷ்டத்த நான் சின்னதா பேசல, கன்னு நடுறதுக்கு முன்னாடியே வேலிக்கும் காவலுக்கும் செலவு செய்ய வேண்டியது முதலாளி, ஆனா ராத்திரி டின்ன தட்டிக்கிட்டு நிக்கிறது நீங்க, கோவம் அங்க போகணும்ங்கறேன்.

எங்க அம்மா கதைக்கு வர்றேன். அவங்க பால் மரம், அதான் ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவங்க. லயத்துக்குப் பின்னாடி அவங்க கை வச்சு வளர்த்த வாழை இருவது முப்பது கட்டை இருந்துச்சு, வெள்ளி (ரிங்கிட்) கணக்குல பாத்தா ஒண்ணும் பெருசு இல்ல, ஆனா பள்ளிக்கூடம் திறக்கிற மாசம் அந்தக் குலைய வித்துதான் எங்களுக்கு சப்பாத்து வாங்குவாங்க. ஒரு ராத்திரி யானை வந்து எல்லாத்தையும் மிதிச்சு தின்னுட்டு, போறப்ப தண்ணி பீப்பாவையும் உருட்டி விட்டுட்டுப் போயிடுச்சு. அந்த வருஷம் நான் அண்ணன் சப்பாத்துலதான் பேப்பர் அடைச்சு போட்டுக்கிட்டு போனேன். எத்தனையோ வருஷம் கழிச்சு அவங்கள குவாலா கண்டாவுக்கு கூட்டிட்டுப் போனா, முதல்ல காடிய விட்டே இறங்க மாட்டேன்னுட்டாங்க, நீங்க எழுதின அதே வார்த்தை, "அதுக்கு நான் காசு குடுத்து ஊட்டணுமா?" அப்புறம் ஒரு குட்டி வேலி ஓரமா வந்து தும்பிக்கைய நீட்டவும், பேரன் கையிலேருந்து வாழைப்பழத்த வெடுக்குன்னு புடுங்கி, "இந்தா, அன்னைக்கு மிச்சம் வச்சது இதுதான், தின்னுத் தொலை"ன்னு குடுத்தாங்க. ஒரு சீப்பு முடியுற வரைக்கும் திட்டிக்கிட்டேதான் ஊட்டினாங்க. நீங்களும் வாங்க, வந்து திட்டிக்கிட்டே ஊட்டுங்க, தப்பில்ல.

கேள்வி: அங்க புலி இருக்காமே? பிள்ளைங்கள வச்சுக்கிட்டு பயமா இருக்கு.
— பயந்தாங்கொள்ளி, பஹாவ்

பதில்: நாடு முழுக்க தேடி எண்ணினதுல மலாயாப் புலி 150க்கும் கம்மின்னு சொல்லிட்டாங்க. அது உங்களப் பாத்து பயப்படணும், நீங்க பயப்பட ஒண்ணுமில்ல. யானை மையம் இருக்கிறது கிரௌ வனவிலங்கு காப்பகத்தோட ஓரத்துல. 1923லயே வெள்ளைக்காரன் காலத்துல ஒதுக்கின காடு, 60 ஆயிரம் ஹெக்டருக்கு மேல, பின்னால தெரியிற நீல மலை குனோங் பெனோம், 2,107 மீட்டர். உள்ள போகணும்னா பெர்ஹிலித்தான் பெர்மிட் வேணும், நினைச்ச நேரத்துக்கு போக முடியாது, அது அப்படியே இருக்கட்டும்னுதான் எனக்கும் தோணுது.

ஆனா காலையில சீக்கிரம் போனீங்கன்னா ஒண்ணு கேக்கலாம். சியாமாங் குரங்கு, கருப்பா, தொண்டையில பலூன் மாதிரி பை ஊதிக்கிட்டு கத்தும், ரெண்டு மூணு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் கேக்கும், ஜோடி ஜோடியா கத்துறது பாட்டுக்குப் பாட்டு மாதிரி இருக்கும். இந்த கிரௌ காட்டுலதான், குவாலா லொம்பாட்ங்கற இடத்துல, டேவிட் சிவர்ஸ்னு ஒரு வெள்ளைக்காரர் 1960கள் கடைசியில அந்தக் குரங்கு பின்னாடியே சுத்திக்கிட்டு ஆராய்ச்சி பண்ணினார். நம்ம ஆளுங்க பால் மரம் வெட்டப் போறப்ப தினம் கேட்ட சத்தம்தான், நமக்கு யாரும் டாக்டர் பட்டம் குடுக்கல, விடுங்க.

கேள்வி: போற வழியில ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கம்பம் இருக்காம். பழைய துணி, சாக்லேட் எல்லாம் கொண்டு போய் குடுத்து பிள்ளைங்களோட படம் எடுத்துக்கலாமா அண்ணே?
— கோயில் மகளிர் குழு, காராக்

பதில்: நல்ல மனசுலதான் கேக்குறீங்க, தெரியுது. ஆனா கொஞ்சம் பின்னாடி போய் யோசிங்கம்மா. நம்ம லயத்துக்கு டவுன்காரங்க பஸ்ல வந்து இறங்கி, பிஸ்கெட் குடுத்துட்டு, ஒழுகுற கூரைய படம் புடிச்சுக்கிட்டுப் போனப்ப நம்ம அம்மாமாருங்க முகத்த எங்க வச்சுக்கிட்டாங்க? அதே கதைதான். குடுக்கணும்னா முதல்ல அவங்க தலைவர்கிட்ட, பாத்தின்னு சொல்லுவாங்க, ஆள் விட்டு கேளுங்க, என்ன வேணும்னு அவங்க சொல்லட்டும். படம் வேணாம். நம்ம பெருசுங்க அவங்கள கூப்புட்ட ஒரு பழைய பேர் இருக்கு, அதுக்கு அடிமைன்னு அர்த்தம், அதையும் பஸ்லயே விட்டுட்டு இறங்குங்க.

குவாலா கண்டா பக்கம் இருக்கிறவங்க செவொங்னு ஒரு சின்னக் கூட்டம், ரொம்ப கொஞ்ச பேர். சிக்னே ஹாவல்னு ஒரு அம்மா, மானுட ஆய்வாளர், 1977ல வந்து அவங்களோட காட்டுக்குள்ளயே தங்கி, அவங்க பாஷை கத்துக்கிட்டு எழுதினாங்க. அதுல எனக்குப் புடிச்ச ஒரு விஷயம், மிருகத்தப் பாத்து சிரிக்கக் கூடாதுங்கறது அவங்க சட்டம். சிரிச்சா இடி மின்னல் வரும், வெள்ளம் வரும். இன்னொண்ணு, காட்டுல எது கிடைச்சாலும் கம்பத்துக்குக் கொண்டு வந்து எல்லார் கண்ணுக்கும் காட்டி, எல்லாருக்கும் பங்கு போடணும், ஒளிச்சு வச்சுத் தின்னா ஆபத்து. யானை கிட்ட நின்னு கெக்கேபிக்கேன்னு கத்தி வீடியோ எடுக்கிற நம்ம கூட்டத்த பாக்குறப்பல்லாம் மேகத்த ஒரு தடவை அண்ணாந்து பாத்துக்குவேன்.

முன்னாடி நம்ம தோட்டத்துக் கடைக்கு அவங்க பெத்தாய் கொட்டை, பிரம்பு, காட்டுத் தேன் கொண்டு வந்து போட்டுட்டு உப்பும் புகையிலையும் வாங்கிட்டுப் போவாங்க, அப்ப இருந்த பழக்கம் சமமா இருந்துச்சு. ஏதாவது வித்தா விலை பேசாம வாங்குங்க. ஜா ஹுட் ஆளுங்க குவாலா கிரௌ பக்கம் மரத்துல சிலை செதுக்குவாங்க, நோய் குடுக்கிற ஆவிங்களோட உருவம், பாக்க பயங்கரமா அழகா இருக்கும். அதுல ஒண்ணு வாங்குனா உங்க சாக்லேட் காசுக்கு மேல அவங்களுக்கு உதவி.

கேள்வி: என் மாமியார் சைவம். அங்க என்ன சாப்பிடறது?
— மருமகள், ரவுப்

பதில்: யானை மையத்துக் கிட்ட மலாய்க் கடைதான், மாமியாருக்கு தே ஓவும் (பால் இல்லாத டீ) வாழைக்காய் கோரேங்கும் (பொரிச்சது) கிடைச்சா பெரிய விஷயம். புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல் கட்டி எடுத்துட்டு வாங்க, ஆனா வெளிய வச்சு தின்னாதீங்க, கெரா குரங்கு மாமியாரையும் பாக்காது மருமகளையும் பாக்காது. திரும்பி வர்றப்ப மெந்தகாப்ல வாழை இலைச் சாப்பாடு இருக்கு, சைவக் கடையும் சீனன் கடையும் தமிழன் கடையும் தேடினா கிடைக்கும்.

நீங்க மீன் தின்னுவீங்கன்னா, மாமியாருக்குத் தெரியாம தெமர்லோ போய் பாத்தின் மீன தெம்போயாக் போட்டு சமைச்சது ஒரு தட்டு சாப்பிடுங்க. தெம்போயாக்னா டுரியான உப்பு போட்டு புளிக்க வச்சது, வாசனை முதல்ல தள்ளி விடும், அப்புறம் தட்ட வழிச்சு நக்குவீங்க. ஞாயித்துக்கிழமைன்னா பகாங் ஆத்தங்கரையில பெக்கான் செஹாரி சந்தை, காட்டுக் கீரை, பெத்தாய், மூங்கில் குருத்து, கோழிக்குஞ்சு, எல்லாம் வரும். டுரியான் சீசன்ல வந்தீங்கன்னா வேன்ல இடம் விட்டு வைங்க. ரவுப்காரங்களுக்கு டுரியான் பத்தி நான் சொல்லக் கூடாது, மன்னிச்சுக்குங்க.

கேள்வி: அட்டை கடிக்குமா?
— ஒரு வாசகர், தங்காக்

பதில்: கடிக்கும். மழை பேஞ்ச மறுநாள் புல்லுல நின்னா சொல்லாம ஏறும். நீட்டக் கால் சட்டை, சாக்ஸ உள்ள விட்டுக் கட்டணும். எங்க அம்மா காலத்துல புகையிலைத் தண்ணிய கால்ல தடவிக்கிட்டு மரம் வெட்டப் போவாங்க, ஏறிட்டா சுண்ணாம்பு. புடிச்சு இழுக்காதீங்க, நகத்தால ஓரமா தள்ளி விடுங்க.

கேள்வி: நான் கெரிக் பக்கம் ராத்திரில ஓட்டுற ஆளு. யானைய மையத்துல பாக்குறது வேற, ரோட்டு நடுவுல நின்னா என்ன பண்றது?
— லோரி டிரைவர், கெரிக்

பதில்: தம்பி, நானும் லோரி ஓட்டினவன்தான், செம்பனைக் குலை ஏத்துற லோரி. ஹாரன் அடிக்காத, ஹை பீம் போடாத, இறங்காத, போன தூக்காத. தள்ளியே நிப்பாட்டு, பின்னால இடமிருந்தா மெதுவா ரிவர்ஸ் எடு. ஒரு யானை கடந்து போயிடுச்சுன்னு உடனே கிளப்பாத, பின்னாலயே குட்டி வரும், அம்மா நடுவுல உன் லோரி நிக்கிறத விரும்பாது. 2025 மே மாசம் அன்னையர் தினத்தன்னைக்கு உங்க கெரிக்–ஜெலி ரோட்லதான் கோழி ஏத்திட்டு வந்த லோரி அடிச்சு ஒரு குட்டி செத்துச்சு, அது அம்மா லோரி முகத்துல தலைய முட்டிக்கிட்டு விடிய விடிய அங்கேயே நின்னத நாடே பாத்துச்சு. உன் ரோடு எனக்குத் தெரியும், அங்க வேகத்த குறைச்சே ஓட்டு.

எனக்கும் ஒரு தடவை ஆச்சு. பத்து மணி இருக்கும், மில்லுக்கு குலை ஏத்திக்கிட்டு தோட்டத்து மண் ரோட்ல வர்றேன், வளைவுல ஒரு கொம்பன். எஞ்சின அணைச்சுட்டு, லைட்ட அணைச்சுட்டு, கண்ணாடிய ஏத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், பின்னால என் குலைய அது ஒவ்வொண்ணா எடுத்து கீழ போடுற சத்தம் மட்டும் கேக்குது. நாப்பது நிமிஷம். மில்லுக்குப் போய் சேந்தா எடை குறையுது, நேரமும் லேட், கிராணி (கணக்கப்பிள்ளை) பேனாவ வச்சுக்கிட்டு காரணம் கேக்குறார். யானைன்னேன். குடிச்சிருக்கியான்னு கேட்டார். வெளிய கூட்டிட்டு வந்து பின் டயர்ல ஒட்டியிருந்த சாணிய காட்டினேன், டார்ச் அடிச்சு குனிஞ்சு நல்லா பாத்துட்டு உள்ள போய் புத்தகத்துல "ரோடு பழுது"ன்னு எழுதிட்டார், யானைன்னு எழுதினா தொரை நம்ப மாட்டாராம்.